எந்தப் பக்கம் நின்று பார்ப்பீர்கள்?

அடி அண்ணாமலையில் கிரிவலப் பாதையை ஒட்டி இருக்கிறது சக்திவேலின் கல் பட்டறை. மழைக்காலமோ வெயில்காலமோ, அதன் தரை காய்ந்து யாரும் பார்த்ததில்லை. மெஷின் கல்லைச் செதுக்கும்போது வைர முனை சூடேறாமலிருக்க மேலேயிருந்து தண்ணீர் விழுந்துகொண்டே இருக்கும். கல்தூளும் தண்ணீரும் கலந்து, தோசை மாவுப் பதத்தில் சாம்பல் சேறாக இறங்கி, பின்னாலிருக்கும் குழியில் போய்ப் படியும். வேலை செய்கிறவர்களின் விரலிடுக்கில், காது மடலில், மத்தியானச் சாப்பாட்டில்கூட அந்தச் சாம்பல் இருக்கும்.

அது புரட்டாசி. சில நாளாக மலை தெரியவில்லை. மலை இருக்க வேண்டிய இடத்தில் மேகம் உட்கார்ந்திருந்தது. மறுநாள் பௌர்ணமி. பௌர்ணமியன்று மத்தியானத்துக்கு மேல் பாதையில் வண்டி விடமாட்டார்கள். செங்கம் பக்கம் ஓர் ஊரில் கட்டுகிற கோயில் மண்டபத்துக்கு நான்கு தூண்கள் போக வேண்டும். மூன்று முடிந்து சாக்கு சுற்றிக் கிடந்தன. நான்காவது, உதவியாள் மணியின் மேற்பார்வையில், மெஷினில் படுத்தபடி மெதுவாகச் சுழன்றுகொண்டிருந்தது. அதன் உடம்பில் ஒரு கொடி சுருள் சுருளாக ஏறியது.

ஷட்டர் பக்கம் பிளாஸ்டிக் நாற்காலியில் சக்திவேலின் அப்பா சடையன் உட்கார்ந்திருந்தார். நிலத்தைக் குத்தகைக்கு விட்ட பிறகு இந்த நாற்காலிதான் அவருக்கு வரப்பு. புரட்டாசி முழுக்கக் கருவாடு கிடையாது என்பதால் அவருக்கு எல்லார் மேலும் கோபம்.

பட்டறையின் மூலையில், சேறு தெறிக்காமல் கண்ணாடி போட்டு அடைத்த சின்ன அறையில், சக்திவேலின் மனைவி அருணாதேவி கம்ப்யூட்டர் முன்னால் இருந்தாள். இன்ஜினியரிங் படித்தவள். தூணில் ஏறுகிற கொடியும் யாளியும் தாமரையும் அவள் வரைந்தவை. அது பட்டறை வேலை. அவளுக்கு இன்னொரு வேலையும் இருந்தது. அதற்கு முதலாளி கிடையாது, விடுமுறையும் கிடையாது.

மெஷினை ஓட்டுவதற்கு ஒரு மென்பொருள் இருக்கிறது. உலகத்தில் பல பேர் சேர்ந்து எழுதி, யார் வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளத் திறந்து வைத்திருப்பது. ஆனால் மென்பொருள் ஒன்றுதான், மெஷின்கள் ஆயிரம் விதம். ஒன்றுக்குத் திருகு நீளம், இன்னொன்றுக்கு மோட்டார் சின்னது, மூன்றாவதற்குள் யாரோ பழைய இரும்புக் கடையில் பொறுக்கின எலெக்ட்ரானிக் போர்டு. அந்தந்த மெஷினின் உடம்பை மென்பொருளுக்கு விளக்கிச் சொல்ல ஒரு செட்டிங் ஃபைல் வேண்டும். அதைக் கையால் எழுதினால் பைத்தியம் பிடிக்கும். அதனால் ஒரு சின்னப் புரோகிராம் உண்டு. வரிசையாகக் கேள்வி கேட்கும்; பதில் சொன்னால் ஃபைலை அதுவே எழுதிக்கொடுத்துவிடும். பட்டறையில் அதற்குக் கேள்விப்பொட்டி என்று பெயர்.

அதைப் பராமரிப்பவள் அருணாதேவி. முன்பு பார்த்துக்கொண்டிருந்த டச்சுக்காரர் கண் பார்வை குறைந்து விலகினபோது, பழைய போர்டுகளுக்கு அடிக்கடி திருத்தம் அனுப்பிக்கொண்டிருந்த இவளிடம் கொடுத்துவிட்டுப் போனார். கேள்விப்பொட்டியை மாற்றி வெளியிடுகிற உரிமையை அந்த உலகத்தில் சாவி என்பார்கள். சாவி வந்த நாளில் அவள் பால்கோவா கிண்டினாள். அதற்கப்புறம் வந்ததெல்லாம் புகார்தான்.

மென்பொருள் ஒவ்வொரு முறை மாறும்போதும் கேள்விப்பொட்டி உடையும். உடைந்தால் யாரும் மென்பொருளைத் திட்டுவதில்லை. ‘உங்கள் புரோகிராம் வேலை செய்யவில்லை’ என்று ஒரே வரி எழுதுவார்கள். எந்த மெஷின், எந்த போர்டு, ஒன்றும் சொல்ல மாட்டார்கள். அவள் பொறுமையாகத் திருப்பிக் கேட்பாள். கேட்டுக்கொண்டே அந்த மெஷின் இருக்கிற கொட்டகையை மனதில் கட்டிப்பார்ப்பாள். பனி கொட்டும் ஊரில் கதவைச் சாத்திக்கொண்டு நாற்காலிக் கால் கடைகிற ஒரு கிழவன். ஆற்றோர ஊரில் படகுக்கு மரம் அறுக்கிற இரண்டு அக்கா தங்கை. அவர்கள் முகம் தெரியாது. அவர்கள் மெஷினின் திருகு எத்தனை சுற்றுக்கு எவ்வளவு நகரும் என்பது தெரியும்.

அன்று காலை வந்த புகாரை அவள் மறுபடியும் மறுபடியும் படித்தாள். வடக்கு போர்ச்சுக்கலில் கடலோர ஊர் ஒன்றில் ஜோக்கிம் என்கிற கல்தச்சர். அந்த ஊரில் கடலுக்குப் போய்த் திரும்பாதவர்களின் பெயரையெல்லாம் ஒரு கல்தூணைச் சுற்றி வெட்டச் சொல்லியிருக்கிறார்கள். புது மெஷினைக் கேள்விப்பொட்டி வைத்துப் பொருத்திவிட்டு ஓடவிட்டிருக்கிறார். தண்ணீர் தெறிக்காமலிருக்கத் தார்ப்பாய் போட்டு மூடியிருந்ததால் வேலை முடிகிற வரைக்கும் பார்க்கவில்லை. எடுத்துப் பார்த்தால் எல்லாப் பெயரும் கண்ணாடியில் பார்க்கிற மாதிரி இடவலம் மாறிக் கிடந்தது. படம் அனுப்பியிருந்தார். கடைசியில் ஒரு வரி: ‘சுழற்சித் திசையைத் திருப்பு என்கிற கட்டத்தில் நீங்களாகவே ஏன் டிக் போட்டு வைத்திருக்கிறீர்கள்?’

அவள் கேள்விப்பொட்டியின் அந்தப் பக்கத்தைத் திறந்து பார்த்தாள். டிக் இருந்தது.

சக்திவேல் கதவைத் தள்ளிக்கொண்டு வந்தான். முழங்கால் வரை சாம்பல்.

“கீரை அடி பிடிச்சுப்போச்சு தேவி. ரோடு வரைக்கும் நாறுது.”

“அய்யோ. அஞ்சு நிமிஷம்னுதான் வெச்சேன்.”

“உன் அஞ்சு நிமிஷம் எனக்குத் தெரியாதா. நல்லவேளை, மணி ஓடிப்போய் அடுப்ப அணைச்சான். களிக்கு இனிமே வெறும் வேர்க்கடலைத் தொவையல்தான்.” அவன் திரையை எட்டிப்பார்த்தான். “யாரு இந்தத் தடவ?”

“போர்ச்சுக்கல்ல ஒருத்தர்.”

“பிரேசில்னியே.”

“அது போன வாரம்.”

“அவங்களுக்கெல்லாம் வேளைக்குச் சோறு நடக்குது தேவி. இங்கதான் சட்டி தீயுது. நாலாவது தூணுக்குப் படம் நேத்து மதியமே தரேன்னே, சாயங்காலம்தான் வந்துது. கழுத்த திருப்ப முடியாம தைலம் தேச்சிக்கினு உக்காந்திருக்கே. இன்னாத்துக்கு? ஒருத்தன் தேங்க்ஸ் சொல்லிப் பாத்திருக்கியா?”

“சொல்லுவாங்க. எப்பனா.”

“எப்பனா.” அவன் கையைத் துடைத்துக்கொண்டான். “குடுத்துடு தேவி. எவன்கிட்டனா குடுத்துட்டு வெளிய வா. நான் கோவத்துல சொல்லல.”

“இந்தத் தடவ தப்பு என்னுதுங்க.”

“எது?”

அவள் கண்ணாடி வழியாகச் சுழலும் தூணைக் காட்டினாள். “வலம்.”

அவனுக்குப் புரிந்துவிட்டது. ஸ்டூலில் உட்கார்ந்தான்.

சில வருஷத்துக்கு முன்னால், மெஷினில் கல்லைச் சுழற்றிச் செதுக்குகிற பாகத்தைப் புதிதாகப் பொருத்திய அன்று நடந்தது அது. முதல் தூணைப் பூட்டி ஓட்டிக் காட்டினார்கள். நாற்காலியிலிருந்து சடையன் எழுந்து நின்றார்.

“நிறுத்து. யாரு செத்துட்டாங்க?”

“இன்னா நைனா?” என்றான் சக்திவேல்.

“கோயில் தூணுடா. இடமா சுத்துது. பொணத்துக்குத்தான் இடமா சுத்துவாங்க. ரோட்டுல போற சனத்தப் பாரு, எப்படிப் போறாங்கன்னு.”

“மெஷின் அப்படித்தான் சுத்தும் நைனா. உலகம் பூரா அப்படித்தான்.”

“உலகம் பூரா செய்யட்டும். அண்ணாமலையாரு பாத்துக்கினு இருக்காரு. கல்ல எறக்கு.”

அவர் கல்லை இறக்கவே வைத்தார். அருணாதேவிதான் சுழற்சியைத் திருப்பி, அதற்கு ஏற்றபடி தன் படங்களையும் திருப்பி வரைந்துகொண்டாள். அந்தச் சமயத்தில்தான் கேள்விப்பொட்டியில் சுழலும் பாகத்துக்கான பக்கத்தையே அவள் புதிதாக எழுதிக்கொண்டிருந்தாள். சோதித்துப் பார்க்க அவளிடம் இருந்தது இந்த ஒரு மெஷின். அந்த டிக் அப்படியே தங்கிவிட்டது. அது தவறென்று அவள் கண்ணுக்குப் படவில்லை. அவள் பிறந்ததிலிருந்து இந்த ஊரில் கோயிலும் தேரும் மனிதர்களும் அந்தப் பக்கமாகத்தான் சுற்றினார்கள். வெளியூர்க்காரர்கள் டிக்கை எடுத்துவிட்டுப் பேசாமல் வேலையைப் பார்த்துக்கொண்டார்கள். ஜோக்கிம் எடுக்கவில்லை.

“சத்தமில்லாம எடுத்துட வேண்டியதுதான?” என்றான் சக்திவேல்.

“அந்தாளு கேட்டிருக்காரே, ஏன்னு.”

“இன்னான்னு சொல்லுவே? எங்க மாமனாரு ஒத்துக்கலன்னா?”

வெளியிலிருந்து சடையனின் குரல் வந்தது. “என் பேச்சா ஓடுது அங்க?”

“ஆமாம் மாமா, உங்க பேரு போர்ச்சுக்கல் வரைக்கும் போயிடுச்சு.”

“போவட்டும். அங்க கருவாடு கெடைக்குமா கேளு.”

மத்தியானம் மழை வலுத்தது. குடையைச் சுருட்டிக்கொண்டு விஸ்வநாத் உள்ளே வந்தான். பெரிய கோயிலில் பூஜை செய்கிற குருக்கள் வீட்டுப் பையன். அருணாதேவியோடு பள்ளிக்கூடத்தில் படித்தவன். இப்போது ஓசூரில் மெஷின் செய்து விற்கிற கம்பெனி ஒன்றில் பெரிய பொறுப்பு. அந்தக் கம்பெனி விற்கிற ஒவ்வொரு மெஷினிலும் கேள்விப்பொட்டி இருந்தது. எடுத்துக்கொள்ள யாரையும் கேட்க வேண்டியதில்லை, அவர்களும் கேட்கவில்லை. மெஷினில் ஏதாவது கோளாறு என்றால் மட்டும் இவளுக்கு எழுதுவார்கள், எல்லாமே ‘அவசரம்’ என்று போட்டு.

“வா சாமி. நனஞ்சிக்கினே வந்திருக்கியே. அப்பா நல்லா இருக்காரா?” என்றார் சடையன்.

“இருக்காருங்க தாத்தா. முட்டிதான் வலி. படியேற முடியல.”

அருணாதேவி டீ போட்டாள். சக்திவேல் மெஷினை மணியிடம் விட்டுவிட்டு வந்து நின்றான். விஸ்வநாத் டீயைக் கையில் வைத்துக்கொண்டு சுற்றி வளைத்துத்தான் விஷயத்துக்கு வந்தான்.

“போர்ச்சுக்கல் விஷயம் எங்க ஆபீஸ்ல எல்லாரும் பாத்துட்டாங்க தேவி. நாளைக்குச் சாயங்காலம் சாஃப்ட்வேர் எழுதற மெயின் குரூப்போட மீட்டிங் இருக்குல்ல, அதுல பேசப்போறாங்க. அவங்க அடுத்து வெளியிடற ரிலீஸ்ல கேள்விப்பொட்டி இருக்கணுமா, தூக்கிடலாமான்னு. உனக்கும் மெயில் வந்திருக்கும்.”

“வந்துது.”

“அதான் அதுக்கு முன்னாடி நேர்ல பாத்துச் சொல்லிடலாம்னு வந்தேன். நீ ஒருத்தியா தூக்கிச் சுமக்கிறே. எவ்ளோ நாளைக்கு? சாவிய எங்க கம்பெனிக்குக் குடுத்துடு. மூணு பேரு முழு நேரமா பாத்துக்குவாங்க. ரிலீஸ்ல இருந்து தூக்கவும் மாட்டாங்க. உன் பேரு முதல் பக்கத்துலயே இருக்கும், நன்றின்னு போட்டு.”

“ஃபோட்டோவும் போடுவீங்களா? மாலையோட?”

விஸ்வநாத் சிரித்துவிட்டான். “சும்மா இரு தேவி. நான் சீரியஸா பேசறேன்.”

“நானும்தான். பழைய போர்டெல்லாம் இன்னா பண்ணுவீங்க?”

“அதெல்லாம் படிப்படியா பாத்துக்கலாம்.”

“படிப்படியான்னா ஏறுமா, எறங்குமா?”

அவன் டீயைக் குடித்தான். சக்திவேல் குறுக்கே வந்தான். “இவ்ளோ தூரம் வந்து கேக்கறாரு தேவி. மூணு பேரு பாத்துக்கறாங்களாம். நீ ஒரு ஆளு.”

“சுத்தற தெசையில டிக் போட்டது சின்னத் தப்பு இல்ல தேவி,” என்றான் விஸ்வநாத். “உலகத்துல எல்லாரும் ஒரு விதி வெச்சிருக்காங்க. நீ மாத்தி வெச்சிருக்கே. இத ஒரு கம்பெனி செஞ்சிருந்தா கேஸ் போட்டிருப்பாங்க.”

சடையன் நாற்காலியை அறைப் பக்கம் இழுத்துக்கொண்டார். “சாமி, ஒன்னு கேக்கறேன். உங்கப்பாரு பிரகாரத்துல இடமா சுத்துவாரா?”

“இது மெஷின் தாத்தா. கோயில் இல்ல.”

“தூணு கோயிலுக்குப் போவுதா இல்லையா?”

“போவுது. சரி. ஆனா நீங்க ஷட்டர் பக்கம் உக்காந்து பாக்கறதால வலம். அந்தக் கடைசிக்குப் போய் நின்னு பாருங்க, இதே கல்லு இடமா சுத்தும். அப்ப இன்னா சொல்லுவீங்க?”

சடையன் தூணின் மறுமுனையைத் திரும்பிப் பார்த்தார். யோசித்தார்.

“அந்தப் பக்கம் எவன் உக்காருவான்? அங்க செவுருதான கீது.”

சக்திவேலுக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. விஸ்வநாத்தும் சிரித்தான். அருணாதேவி மட்டும் சிரிக்கவில்லை. அவள் சுவரையும் நாற்காலியையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

போகும்போது விஸ்வநாத் குடையை விரித்தபடி சொன்னான். “நாளைக்கு மீட்டிங்ல நான் இருப்பேன் தேவி. நீ எப்பவும் டைப்தான பண்ணுவே. ஒரு வரி போட்டுடு, சாவி தரேன்னு. இல்லன்னா நாங்க காப்பி எடுத்துத் தனியா நடத்துவோம். அப்புறம் உன்னுத யாரும் சீண்ட மாட்டாங்க.”

“தாராளமா எடுத்துக்கோங்க. அதுக்குத்தான திறந்து வெச்சிருக்கு,” என்றாள் அவள். “காப்பி எடுக்க யாரையும் கேக்க வேணாம். அப்புறம் எதுக்கு மழையில நனஞ்சிக்கினு என் வீட்டுக்கு வந்தே?”

அவன் குடையைத் தாழ்த்திப் பிடித்துக்கொண்டு ரோட்டில் இறங்கினான். குடையின் மேல் மழை சத்தமாக விழுந்தது.

அவன் போனபிறகு சக்திவேல் டீ குவளைகளை எடுத்து வைத்தான். பிறகு, “அவன் சொல்றதுல இன்னா தப்பு?” என்றான்.

“தப்பு இல்லைங்க. சொல்லாதது ஒன்னு இருக்குது.”

“நீதான் சொல்லேன்.”

“இன்னிக்கு வேணாம். நான் சொன்னா, என் பொட்டிய விட மனசில்லாம சொல்றேன்னு நெனப்பீங்க. நாளைக்கு அவன் வாயாலயே கேளுங்க.”

“நீ விட மாட்டே. கழுத்து ஒடிஞ்சாலும் விட மாட்டே.” அவன் எழுந்து மெஷின் பக்கம் போனான். அன்று களியை ஆளுக்கொரு மூலையில் உட்கார்ந்து தின்றார்கள்.

பௌர்ணமி விடிந்தபோது மழை விட்டிருந்தது. லாரி சேற்றில் பின்னால் வந்து நின்றது. மணியும் இன்னும் சில பேரும் சங்கிலி போட்டுத் தூண்களைத் தூக்கினார்கள். நான்காவது தூண் ஏறும்போது ஈரத்தில் சங்கிலி வழுக்கி, கல் ஒரு பக்கம் சாய்ந்தது. எல்லோரும் மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றார்கள். சக்திவேல் தோளைக் கொடுத்தான். கொடி உடையவில்லை. லாரி பாதையைத் தாண்டின கொஞ்ச நேரத்துக்கெல்லாம் போலீஸ்காரர்கள் தடுப்பை இழுத்துப் போட்டார்கள். அதற்குப்பின் ரோடு கால்களுடையது.

மத்தியானம் தக்காளி சாதம் கிண்டி, பெரிய பாத்திரத்தில் மோர் கரைத்து, பட்டறை வாசலில் வைத்தார்கள். வருஷா வருஷம் புரட்டாசிப் பௌர்ணமிக்கு இந்த வீட்டில் அது வழக்கம். அருணாதேவி மோரில் கறிவேப்பிலையைக் கிள்ளிப் போட்டுக்கொண்டே மனதுக்குள் ஆங்கில வாக்கியங்களைக் கோத்தாள். கூட்டத்தில் அவள் ஒருநாளும் வாய் திறந்து பேசியதில்லை. எல்லோரும் பேசுவார்கள், இவள் ஓரத்தில் எழுதுவாள். எழுதி முடிப்பதற்குள் பேச்சு அடுத்த விஷயத்துக்குப் போய்விடும்.

மேகத்துக்குள்ளேயே இருட்டத் தொடங்கியது. வாசலில் மோர் ஊற்ற மணியை நிறுத்திவிட்டு அவள் கண்ணாடி அறைக்குள் போனாள். சக்திவேல் பின்னாலேயே வந்து ஸ்டூலில் உட்கார்ந்தான்.

“நீங்க எதுக்கு?”

“நீ குடுக்கறதப் பாத்துட்டுப் போறேன்.”

அவள் மைக்கைத் திறந்தாள். பாதையில் போகிறவர்களின் சத்தம், அரோகரா, எங்கோ ஒலிபெருக்கி, குழந்தை அழுகை எல்லாம் சேர்ந்து அவளுக்கு முன்னால் கூட்டத்துக்குள் போய்விட்டது. கூட்டத்தை நடத்துகிற ஜெர்மன்காரி, அது என்ன சத்தம், மைக்கை மூடிக்கொள்ள முடியுமா என்றாள்.

“முடியாது,” என்றாள் அருணாதேவி ஆங்கிலத்தில். “எங்கள் ஊரில் இன்று பௌர்ணமி. நான் பேச வேண்டும்.”

திரையில் சின்னச் சின்னச் சதுரங்களில் முகங்கள். ஒன்றில் விஸ்வநாத் நெற்றியில் விபூதியோடு இருந்தான். இன்னொன்றில், கொட்டகை மாதிரி ஓர் இடத்தில், காதில் வெள்ளைத் தூளோடு ஒரு பெரிய மீசைக்காரர். அவள் மனதில் கட்டிவைத்திருந்த கொட்டகையில் இல்லாத ஒரு நாய் அவர் பின்னால் படுத்திருந்தது.

அவள் ஜோக்கிமிடம் நேராகப் பேசினாள். டிக் போட்டது நான்தான் என்றாள். ஏன் என்று சொன்னாள். இந்த ஊரில் மலையை எந்தப் பக்கமாகச் சுற்றுவார்கள், எப்போது மட்டும் எதிர்ப்பக்கமாகச் சுற்றுவார்கள், மாமனார் எந்த நாற்காலியில் உட்கார்ந்திருந்தார் எல்லாம் சொன்னாள். அவள் ஆங்கிலம் அங்கங்கே தட்டியது, ஆனால் நிற்கவில்லை. “என் வீட்டைத் தாண்டி நான் யோசிக்கவில்லை. உங்கள் கல் போனது என்னால். மன்னியுங்கள்.”

ஜோக்கிம் மீசையைத் தடவினார். “கல் போனது போனதுதான்,” என்றார். “செத்தவர்கள் பெயரை இடவலம் மாற்றி வெட்டியிருக்கிறேன். அந்தக் கிழவிகள் என்னைச் சும்மா விடுவார்களா? நீங்கள் மன்னிப்புக் கேட்டு அது திரும்பாது.”

“திரும்பாது,” என்றாள் அவள்.

விஸ்வநாத் அந்த இடத்தில் உள்ளே வந்தான். நிதானமாக, அழகான ஆங்கிலத்தில் பேசினான். இதனால்தான் ஒரு பொறுப்பான நிறுவனம் இதை ஏற்க வேண்டும், சோதனை செய்ய ஆட்கள் இருக்கிறார்கள், இப்படித் தனி வீட்டுப் பழக்கமெல்லாம் உள்ளே வராது என்றான். பல தலைகள் ஆடின. ஜெர்மன்காரி ஏதோ குறித்துக்கொண்டாள்.

அப்போது ஜோக்கிம் கேட்டார். “என் மெஷினில் இருப்பது பழைய போர்டு. இப்போது யாரும் செய்வதில்லை. உங்கள் கைக்கு வந்தால் என் போர்டு இருக்குமா?”

விஸ்வநாத் ஒரு கணம் தயங்கினான். பொய் சொல்லத் தெரியாதவன். “எல்லாவற்றையும் சோதிக்க எங்களால் முடியாது. மூன்று போர்டுகளை மட்டும் வைத்துக்கொள்வோம். மற்றவற்றை எடுத்துவிடுவோம்.”

“அந்த மூன்றையும் செய்வது யார்?”

“நாங்கள்தான்.”

ஸ்டூலில் இருந்த சக்திவேலுக்கு ஆங்கிலம் முழுக்கப் பிடிபடவில்லை. ஆனால் போர்டு என்பதும் மூன்று என்பதும் பிடிபட்டன. அவன் திரும்பித் தன் மெஷினின் பக்கவாட்டில், தண்ணீர் படாமல் பாலிதீன் பை சுற்றிக் கட்டியிருந்த பெட்டியைப் பார்த்தான். அதற்குள் இருக்கும் போர்டு, உடைத்து விற்ற ஒரு பழைய மெஷினிலிருந்து அவனே கழற்றி வந்தது.

“நம்ம போர்டு?” என்றான் மெல்ல.

“இருக்காது.”

“வேங்கிக்கால்ல ராஜேந்திரன் பட்டறை?”

“அதுவும்தான். ஓடற வரைக்கும் ஓடும். ஒரு நாளு கம்ப்யூட்டர் கெட்டுப்பூட்டா, மறுபடியும் பொருத்த வழி இருக்காது. அவங்ககிட்டதான் போவணும்.”

“இத ஏன் அவன் நேத்து டீ குடிக்கறப்ப சொல்லல?”

அவள் மைக் திறந்தே இருந்தது. தமிழ் தெரிந்த ஒரே முகம் திரையில் குனிந்துகொண்டது.

சக்திவேல் ஸ்டூலை இழுத்து அவளுக்குப் பக்கத்தில் போட்டுக்கொண்டான். “சொல்லு,” என்றான். “குடுக்க மாட்டேன்னு சொல்லு. இங்கிலீஷ்ல அதுக்கு இன்னா, நோ தானே? எனக்கே தெரியுதே.”

அவள் சொன்னாள். சாவியைத் தரமாட்டேன். டிக்கை இன்றைக்கே எடுத்துவிட்டேன். இனிமேல் நானாக எந்தத் திசையையும் போட்டு வைக்க மாட்டேன். அதற்குப் பதிலாகக் கேள்விப்பொட்டியில் புதிதாக ஒரு கேள்வி இருக்கும்: சுழலும் பொருளை நீங்கள் எந்தப் பக்கம் நின்று பார்ப்பீர்கள்? பதில் சொன்னால் அங்கிருந்து எப்படிச் சுற்றும், எழுத்து எப்படி விழும் என்று படம் போட்டுக் காட்டும். சம்மதம் சொன்னால்தான் ஃபைலை எழுதும். பழைய போர்டு ஒன்றைக்கூட எடுக்க மாட்டேன். அந்தக் கம்பெனி தனியாக நடத்தலாம், அது அவர்கள் உரிமை. ஆனால் தங்கள் மெஷினுக்காக எனக்கு அவசரம் என்று எழுதுவது இன்றோடு நின்றது. அவசரம் என்றால் ஆளை அனுப்பட்டும், என்னோடு உட்கார்ந்து வேலை செய்யட்டும்.

“உங்களால் ரிலீஸுக்குள் முடியுமா, தனியாக?” என்றாள் ஜெர்மன்காரி.

“முடியும். ஆனால் தனியாகச் செய்ய மாட்டேன்,” என்றாள் அருணாதேவி. “நீங்கள் எல்லோரும் இதை உபயோகிக்கிறீர்கள். ஒருவர்கூட எனக்குச் சோதித்துத் தருவதில்லை. இரண்டு பேர் வேண்டும். கிடைக்காவிட்டால் ரிலீஸிலிருந்து தூக்கிக்கொள்ளுங்கள். நான் என் வீட்டு வாசலில் வைத்துக் கொடுத்துக்கொள்கிறேன். மோர் கொடுக்கிற மாதிரி.”

மோருக்கு ஆங்கிலத்தில் என்ன என்று அந்த நேரத்தில் ஞாபகம் வராததால் மோர் என்றே சொன்னாள். யாரும் விளக்கம் கேட்கவில்லை.

ஜோக்கிம் பேசினார். “எனக்கு இன்னும் கோபம் இருக்கிறது. அதை முதலில் சொல்லிவிடுகிறேன்.” நாயைக் காலால் ஓரமாகத் தள்ளினார். “பழைய போர்டுகளை நான் சோதிக்கிறேன். கேட்டிருந்தால் முன்னாடியே செய்திருப்பேன்.”

இன்னொரு ஆள் உடனே கிடைக்கவில்லை. முடிவு அடுத்த கூட்டத்துக்குத் தள்ளிப்போனது. அதுவரைக்கும் ஒன்றையும் தூக்குவதில்லை என்றார்கள். விஸ்வநாத்தின் சதுரம் எல்லோருக்கும் முன்னால் அணைந்தது.

வெளியே வந்தபோது சடையன் மோர் குவளையோடு நாற்காலியில் இருந்தார். “ஜெயிச்சிட்டியாம்மா?”

“இல்ல மாமா. குடுக்கலன்னு சொல்லிட்டேன். அவ்ளோதான்.”

“அது போதும். தெசைய மாத்திட்டியா?”

“ஊருக்கு மாத்தினேன். நம்ம மெஷின் வலமாத்தான் சுத்தும். அது நம்ம பதில்.”

மேகம் கொஞ்சம் விலகி, நிலா மலைத் தோளுக்கு மேல் கசங்கி வந்தது. சக்திவேல் மணியை வீட்டுக்கு அனுப்பிவிட்டு, கரண்டியைத் தானே வாங்கி மோர் ஊற்றினான். அவள் பக்கம் திரும்பாமலே சொன்னான். “கழுத்து வலிக்குதுன்னு நான் சொன்னது நிசம். அது மாறல.”

“தெரியுங்க.”

“அப்ப ஒரு நாளாவது அந்தப் பொட்டிய மூடு. பௌர்ணமியில ரோட்டயே மூடறான். லாரிக்காரன் ஒத்துக்கறான், ஊரு ஒத்துக்குது. போர்ச்சுக்கல்காரன் ஒத்துக்க மாட்டானா?”

அவள் சிரித்தாள். இரண்டு நாளில் அது முதல் சிரிப்பு. மறுநாள் கேள்விப்பொட்டியின் முகப்பில் ஓர் அறிவிப்பு வைத்தாள். ‘பௌர்ணமியன்று பதில் வராது. எங்கள் ஊரில் அன்று பாதை மூடியிருக்கும்.’ எந்தத் தேதி என்று போடவில்லை. வேண்டுமானால் வானத்தைப் பார்த்துக்கொள்ளட்டும் என்று விட்டுவிட்டாள்.

ஐப்பசிப் பௌர்ணமிக்கு நல்ல கூட்டம். புரட்டாசி முடிந்ததால் சடையன் நெத்திலிக் கருவாட்டுக் குழம்பு கேட்டிருந்தார். பௌர்ணமியன்று கிடையாது, நாளைக்கு என்று சொல்லிவிட்டதால் அன்றும் அவருக்குக் கோபம். பட்டறை வாசலில் அருணாதேவி இரண்டு கைகளும் ஈரமாக நின்றிருந்தபோது, மேஜை மேலிருந்த போன் அடித்தது. ஓசூர் கம்பெனி நம்பர். நின்றது. மறுபடியும் அடித்தது. அவசரம் என்று ஒரு மெசேஜ் வந்து விழுந்தது. இன்னொன்று விழுந்தது.

“யாரு?” என்றார் சடையன்.

அவள் புறங்கையால் போனைக் கவிழ்த்துப் போட்டாள். குவளையில் மோரை ஊற்றி, நீட்டின கையில் கொடுத்தாள்.

“நாளைக்குப் பேசுவாங்க மாமா. கூட்டத்துக்கு வழி விடுங்க, நாற்காலிய இந்தப் பக்கம் போடுங்க.”